ஹால் டீவிக்கு எந்தப் பெட்டி வாங்கறது? வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை சிங்கப்பூர் வாசகர்கள் எழுதுன கடிதத்துல பாதிக்கு மேல டீவி பத்திதான். அதனால மத்த கேள்விங்களை அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: அண்ணே, நாங்க ஈசூன்ல நாலறை வீட்ல இருக்கோம். போன தீபாவளிக்கு 55 இன்ச் 4கே டீவி வாங்குனோம். பகல்ல நல்லா ஓடுது, ராத்திரி எட்டு மணிக்கு மேல படம் போட்டா வட்டம் சுத்துது, மூஞ்சியெல்லாம் மங்கலாத் தெரியுது. நெட் பிளான் 1 ஜிபிபிஎஸ். என் மச்சான் 10 ஜிபிபிஎஸ் மாத்துங்கறார், பக்கத்து வீட்டக்கா தனியா ஒரு ஸ்ட்ரீமிங் பாக்ஸ் வாங்கி மாட்டுனா சரியாயிடும்கறாங்க. எதுக்குக் காசு போடறது?
– ஈசூன் வாசகி

பதில்: தங்கச்சி, ரெண்டுமே இப்ப வேணாம். ஒரு 4கே படம் ஓட நெட்ஃபிளிக்ஸ் கேக்கறதே 15 எம்பிபிஎஸ்தான், சாதா எச்டிக்கு 5 போதும். உங்க பிளான் 1000 எம்பிபிஎஸ். வாசல் வரைக்கும் அறுவது குடத்துக்கு மேல தண்ணி வருது, டீவிகிட்ட ஒரு குடம்கூட வந்து சேரலை, அப்ப வாசல் குழாயைப் பெருசாக்கி என்ன பிரயோஜனம் சொல்லுங்க, நடுவுல எங்க ஒழுகுதுன்னுதானே பாக்கணும்.

அதைப் பாக்கறதுக்குக் காசே வேணாம். ராத்திரி எட்டரைக்கு, அதாவது தொந்தரவு வர்ற அதே நேரத்துல, போனை எடுத்து ரவுட்டர் பக்கத்துல நின்னு ஒரு ஸ்பீட் டெஸ்ட் போடுங்க. அப்புறம் டீவிக்குப் பின்னாடி கையை விட்டு, சுவருக்கும் டீவிக்கும் நடுவுல போனை வச்சு இன்னொண்ணு போடுங்க. முன்னாடி சோபால உக்காந்து போடாதீங்க, ஏன்னா டீவியோட வைஃபை ஆன்டெனா அந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு, அதுக்கு என்ன கிடைக்குதுன்னுதான் நமக்குத் தெரியணும்.

எங்க புளோக்ல ஒரு அக்கா வீட்ல இதே கதைதான். ரவுட்டரை எங்க வச்சிருந்தாங்கன்னா பாம் ஷெல்ட்டருக்குள்ள, மேல் தட்டுல, பொன்னி அரிசி மூட்டைக்கும் மைலோ டின்னுக்கும் நடுவுல, ஹால்ல ஒயர் தெரியக்கூடாதுன்னு. ரவுட்டர் பக்கத்துல போன்ல 600க்கு மேல காட்டுச்சு. அந்த இரும்புக் கதவைச் சாத்திட்டு டீவிகிட்ட வந்து பாத்தா 9. கதவைத் திறந்து வச்சதும் 40 ஆச்சு. 1990கள் கடைசியில இருந்து கட்டுன எச்டிபி, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுங்கள்ல இந்த ஷெல்ட்டர் இருக்கு, நெருக்கமா கம்பி கட்டி ஊத்துன கெட்டி கான்கிரீட் சுவரு, இரும்புக் கதவு, குண்டு விழுந்தாலும் தாங்கணும்னு கட்டுனது, அதுக்குள்ள ரவுட்டரை வச்சா வைஃபை எப்படி வெளிய வரும். ஃபைபர் பெட்டி உள்ளயே இருக்கட்டும், ரவுட்டரை மட்டும் ஒரு லேன் ஒயர் போட்டு வெளிய கொண்டாந்தோம், அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் கவனம், ஃபைபர் பெட்டிக்கு வர்ற அந்த மெல்லிசு ஒயருக்குள்ள இருக்கறது கண்ணாடி இழை, அதை மடக்கி ஒடிச்சு கதவிடுக்குல விட்டுடாதீங்க.

பகல்ல நல்லா ஓடுது ராத்திரி ஓடலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்கும் ஒரு காரணம் இருக்கலாம். உங்க போன்ல வைஃபை லிஸ்ட்டைத் திறந்து பாருங்க, மேல் வீடு கீழ் வீடு எதிர் வீடுன்னு இருவது முப்பது பேரு வரும். வைஃபை ஓடற அலைவரிசையில 2.4 கிகாஹெர்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணே மூணுதான், 1, 6, 11. புளோக் முழுக்க அந்த மூணுலதான் இடிச்சுக்கிட்டு நிக்குது, எல்லாரும் வேலை முடிஞ்சு வந்து உக்காந்ததும் நெரிசல். டீவி செட்டிங்க்ஸ்ல போய் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கான்னு பாருங்க, அதுல இடம் நிறைய, ஆனா சுவரைத் தாண்டுற பலம் கம்மி, அதனால ரவுட்டரும் டீவியும் ஒண்ணுக்கொண்ணு பாக்கற மாதிரி இருந்தா நல்லது.

என்னைக் கேட்டா இது எல்லாத்தையும் விட நல்ல வழி ஒயர். டீவிங்கறது நகர்ற சாமானா, சுவத்துல மாட்டுனா பத்து வருஷம் அங்கயேதான் இருக்கப் போகுது, அதுக்கு எதுக்கு காத்துல அனுப்பணும். ஒரு கேட்6 லேன் ஒயர் வாங்குங்க, இல்ல யார்கிட்டயாவது இரவல் வாங்குங்க, முதல்ல ஒரு நாள் ராத்திரி தரையிலயே போட்டு ரவுட்டர்ல இருந்து டீவிக்குச் சொருகிப் பாருங்க. வட்டம் சுத்தறது நின்னுடுச்சுன்னா வியாதி இன்னதுன்னு தெரிஞ்சு போச்சு. அப்புறமா ஸ்கர்ட்டிங் ஓரமா வெள்ளை கேசிங் ஒட்டி உள்ள விட்டுடலாம், சுவரை உடைக்க வேண்டாம். எச்டிபி புதுசாக் கட்டிக் குடுத்த பிடிஓ வீடா இருந்தா பெரும்பாலும் டீவி மாட்டுற சுவத்துலயே லேன் பாயிண்ட் வச்சே குடுத்திருப்பாங்க, நிறைய பேரு அதை டெலிபோன் பாயிண்ட்னு நெனச்சு டீவி கேபினெட்டால மூடிடறாங்க, கேபினெட் போடறதுக்கு முன்னாடி கான்ட்ராக்டர்கிட்ட அந்த இடத்துல ஓட்டை விடச் சொல்லுங்க.

ஒயர் போட்டதுக்கு அப்புறம் டீவியில ஸ்பீட் டெஸ்ட் போட்டு 90 சொச்சம்தான் வருதுன்னு பயந்துடாதீங்க. நிறைய டீவியில லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான், விலை கூடுன டீவியிலயும் அப்படித்தான். 15 வேண்டிய படத்துக்கு 90 எக்கச்சக்கம்.

ஒயர் போடவே முடியாத வீடுன்னா மெஷ் வைஃபை வாங்கலாம், அதாவது ஒரே வைஃபையை ரெண்டு மூணு பெட்டி சேர்ந்து வீடு முழுக்கப் பரப்பறது. ஆனா ரெண்டாவது பெட்டியை டீவி பக்கத்துல வைக்காதீங்க, அங்க சிக்னல் வரலைன்னுதானே வாங்கறோம், பாதி வழியில வைங்க, ரவுட்டர் நல்லா எட்டற இடத்துல.

பாக்ஸ் எப்ப வேணும்னு கேட்டீங்கன்னா, டீவி பழசாகி ஆப் எல்லாம் தள்ளாடும்போது, இல்ல அப்டேட் நின்னு போகும்போது. உங்க டீவி போன தீபாவளிக்குத்தான் வாங்குனது, இப்ப தேவையில்லை. நாளைக்கு வாங்குற நேரம் வந்தா லேன் துளை இருக்கற பாக்ஸா பாத்து வாங்குங்க. கூகிள் டீவி ஸ்ட்ரீமர்ல இருக்கு. 2022ல வந்த ஆப்பிள் டீவி 4கேல 128 ஜிபி மாடல்ல மட்டும்தான் இருக்கு, 64ல கிடையாது, விலை கம்மியா இருக்கேன்னு 64ஐ எடுத்துட்டு வந்து அப்புறம் ஒயரைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறவங்களைப் பாத்திருக்கேன்.

கேள்வி: வேலை செய்யற இடத்துல ஒரு அண்ணன் ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் காட்டுனாரு. ஒரே தடவை காசு குடுத்தா போதுமாம், எல்லா தமிழ் சேனலும், நேத்து தியேட்டர்ல வந்த படம்கூட வருமாம், மாசச் சந்தா கிடையாது. வாங்கலாமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: வேணாம் தம்பி. நேராவே சொல்றேன், அது திருட்டு. 2021 நவம்பர்ல நடப்புக்கு வந்த புது காப்புரிமைச் சட்டத்துல இந்த மாதிரி பாக்ஸ் விக்கறதே இங்க குத்தம், தனி ஆளு வித்தா 1,00,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். அந்த அண்ணன் நண்பனுக்கு உதவியா நெனச்சு நாலு பேருக்கு வாங்கி வித்துக்கிட்டு இருந்தார்னா அவர்கிட்டயும் எடுத்துச் சொல்லுங்க.

சட்டத்தை விடுங்க, அதை வீட்டு நெட்ல மாட்டுறதே ஆபத்து. பேர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்ங்கள்ல ஃபேக்டரியிலயே கெட்ட சாஃப்ட்வேர் போட்டு அனுப்பறாங்க, 2025 ஜூன்ல அமெரிக்க எஃப்பிஐ பேட்பாக்ஸ் 2.0னு பேர் சொல்லியே எச்சரிக்கை விட்டுச்சு. அது உங்க வீட்டு நெட் வழியா யாரோ ஒருத்தன் தன் போக்குவரத்தை அனுப்பறதுக்குக் கதவு தொறந்து விடுது. அதே வைஃபைலதான் நீங்க ஊருக்குப் பணம் அனுப்பற போனும் இருக்கு.

இன்னொரு விஷயம், நல்ல எண்ணத்தோட அந்த பாக்ஸ்ல காசு கட்டுன நெட்ஃபிளிக்ஸ் போட்டாலும் மங்கலாத்தான் தெரியும். வைட்வைன்னு ஒரு பூட்டு இருக்கு, அதுல எல்1 தகுதி வாங்குன பெட்டிக்குத்தான் எச்டியும் 4கேயும் குடுப்பாங்க, அது இல்லாத பெட்டிக்கு 480 வரிதான். டப்பா மேல 4கே, 8கேன்னு எவ்வளவு பெருசா அச்சடிச்சிருந்தாலும் அதேதான்.

உங்களுக்குத் தமிழ்ப் படமும் நாடகமும்தானே வேணும். மீவாட்ச் ஆப்ல வசந்தம் தமிழ் சேனலோட நாடகங்கள் காசில்லாமயே இருக்கு, நம்ம ஊர்ப் பிள்ளைங்க நடிச்சது, நம்ம புளோக், நம்ம காப்பிக்கடையில எடுத்தது, அதைப் பாக்க ஆரம்பிங்க. அதுக்கு மேல ஒரு சந்தா கட்டுங்க, ஒண்ணே ஒண்ணு, ரெண்டு மாசம் பாத்துட்டு நிறுத்திட்டு அடுத்ததைக் கட்டுங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல கட்டிட்டு எதையும் பாக்க நேரமில்லாம இருக்கறவங்கதான் மாசம் நூறு வெள்ளி போகுதுன்னு சொல்வாங்க.

கேள்வி: ஐயா, எனக்கு வயசு 78. வசந்தமும் செய்தியும் பாத்தா எனக்குப் போதும். இதுக்கு நெட் எடுத்தே ஆகணும்னு மகன் சொல்றான்.
– தோ பாயோ வாசகர்

பதில்: எடுக்கத் தேவையில்லைங்க ஐயா. 2019 ஜனவரி ஆரம்பத்துல பழைய அனலாக் ஒளிபரப்பைத்தான் நிறுத்துனாங்க, டிஜிட்டல்ல காத்துல வந்துக்கிட்டுதான் இருக்கு, வசந்தம், சூரியா, சேனல் 5, சேனல் 8, சிஎன்ஏ எல்லாம், மாசக் காசு கிடையாது. டீவியில டிவிபி-டி2 ட்யூனர் இருக்கணும், ஒரு சின்ன ஆன்டெனா வாங்கி ஜன்னல் ஓரமா வச்சு ஒரு தடவை ஸ்கேன் போடச் சொல்லுங்க. மகனை ஆன்டெனாவைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடக்கச் சொல்லி, எங்க படம் உடையாம நிக்குதோ அங்க டேப் போட்டு ஒட்டிடுங்க.

கேள்வி: என் அப்பா அம்மா கல்யாண கேசட், எங்க சின்ன வயசு பொறந்தநாள் கேசட்னு ஒரு பதினஞ்சு விஎச்எஸ் இருக்கு. அப்புறம் ஹார்ட் டிஸ்க்ல நாங்களே எடுத்த வீடியோ ரெண்டு டெராபைட் இருக்கும். இதை எல்லாம் ஹால் டீவியில ரிமோட்ல எடுத்துப் பாக்கற மாதிரி செய்யணும். நாஸ்னு சொல்றாங்களே, வீட்டு நெட்ல மாட்டுற ஹார்ட் டிஸ்க் பெட்டி, அது வாங்கணுமா?
– செங்காங் வாசகர்

பதில்: தம்பி, இந்த மாசம் வந்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான். முதல்ல கேசட். நாஸைப் பத்தி அப்புறம் பேசலாம், கேசட்டை இந்த வாரமே எடுத்து வெளிச்சத்துல பாருங்க. அந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியா சுத்தியிருக்கற நாடாவோட ஓரம் தெரியும். அது கறுப்பா வழவழன்னு இருக்கணும். வெள்ளையா மாவு தூவுன மாதிரி, சிலந்தி வலை மாதிரி இருந்தா பூஞ்சை புடிச்சிருக்கு. நம்ம ஊர் ஈரத்துக்கு அலமாரியில கிடந்த கேசட்டுக்கு இது சகஜம். அதைப் பிளேயர்ல போட்டுடாதீங்க, பிளேயருக்குள்ள நாடாவைப் படிக்கற தலையில ஒட்டிக்கும், அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் பரவும், நாடாவே அறுந்து போகலாம். தனியா ஒரு பையில போட்டு, சுத்தம் பண்ணத் தெரிஞ்ச கடையில குடுங்க.

டிஜிட்டல் பண்ணும்போது 4கேயா மாத்தித் தர்றோம்னு கூடக் காசு கேட்டா ஒத்துக்காதீங்க. இங்க எடுத்த கேசட் பால் (PAL)ங்கற பழைய டீவி முறையில எடுத்தது, செகண்டுக்கு 25 படம், ஒவ்வொண்ணும் ரெண்டு பாதியா, அதுல இருக்கற விவரமே அவ்வளவுதான், பெருசாக்கறதால அம்மாவோட முகம் தெளிவாகாது, மெழுகு பூசுன மாதிரிதான் ஆகும். அந்த ரெண்டு பாதியையும் ஒழுங்கா சேர்த்துத் தரச் சொல்லுங்க, இல்லன்னா தாலி கட்டும்போது கை அசையற இடமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடாத் தெரியும்.

அடுத்து டீவிக்குக் கொண்டு போறது. ஆரம்பத்துல ஹார்ட் டிஸ்க்கை டீவி யூஎஸ்பியில சொருகிப் பாருங்க, சில வீட்ல அதோட கதை முடிஞ்சுடும். டிஸ்க் எஃப்ஏடி32ல ஃபார்மேட் பண்ணியிருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது, அது ஒரு தடங்கல். படம் வருது சத்தம் வரலைன்னா பெரும்பாலும் டிடிஎஸ் ஆடியோ, நிறைய டீவியில அது ஓடாது.

அது சரிப்படலைன்னா பழைய லேப்டாப் ஒண்ணு இருக்கும்ல, அதுல ஜெல்லிஃபின்ங்கற சாஃப்ட்வேரைப் போடுங்க, லேப்டாப்ல இருக்கற வீடியோவை டீவிக்கு அனுப்பும். காசு கிடையாது, ஆளாளுக்குக் கணக்கு தொறக்கச் சொல்லித் தொந்தரவும் கிடையாது, உங்க வீடியோ உங்க வீட்டை விட்டு வெளிய போகாது. டீவியில அதோட ஆப்பைப் போட்டா படத்தோட தேடிப் பாக்கலாம். லேப்டாப்பையும் டீவியையும் ஒயர்ல ரவுட்டர்கிட்ட கோத்து விடுங்க. ஃபைல் எச்.264 எம்பி4ஆ இருந்தா டீவி அப்படியே ஓட்டிக்கும், லேப்டாப் சும்மா எடுத்துக் குடுக்கற வேலைதான். டீவிக்குப் புரியாத வகையா இருந்தா லேப்டாப் அந்தந்த நேரத்துல மாத்திக் குடுக்கணும், அப்பதான் ஃபேன் கத்தும், படம் நிக்கும். அதனால கடையில குடுக்கும்போதே எச்.264 எம்பி4ல ஒரு காப்பி கேட்டு வாங்கிடுங்க.

நாஸ் நல்ல சாமான்தான், ஒரு வருஷம் லேப்டாப்ல ஓட்டிப் பாத்து, வீட்ல எல்லாரும் நிஜமாவே பாக்கறாங்கன்னு தெரிஞ்சதும் வாங்குங்க. எது வாங்குனாலும் ரெண்டாவது காப்பி ஒண்ணு வேற வீட்ல இருக்கணும், அக்கா வீட்லயோ தம்பி வீட்லயோ. நாஸ்ல ரெண்டு டிஸ்க் இருக்கே அது போதாதான்னு கேப்பீங்க, போதாது, தப்பா ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் சேந்துதான் அழியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல தாத்தா பேசுன ஒரே வீடியோ அப்படிப் போச்சு, அந்தக் குரல் திரும்பி வராது.

கேள்வி: புது டீவியில சினிமா போட்டா சீரியல் எடுத்த மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடுது. வசனம் வேற கேக்கவே மாட்டேங்குது, சண்டை வந்தா மட்டும் வீடே அதிருது, ராத்திரி பக்கத்து வீட்டுக்குப் பயந்து ரிமோட்டைக் கையிலயே வச்சிருக்கேன்.
– தெம்பனிஸ் வாசகி

பதில்: ரெண்டும் செட்டிங்க்ஸ்தான் அக்கா. சினிமா செகண்டுக்கு 24 படம், டீவி நடுவுல தானா படம் செஞ்சு சொருகுது, அதான் வழுக்குது. மோஷன்னு ஆரம்பிக்கற அமைப்பை ஆஃப் பண்ணுங்க, இல்ல ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா அதைப் போடுங்க. கிரிக்கெட் பாக்கும்போது வேணும்னா திரும்ப ஆன் பண்ணிக்கலாம்.

சத்தத்துக்கு முதல்ல டீவியிலயே நைட் மோட், டயலாக் தூக்கிக் குடுக்கற அமைப்புன்னு ஏதாவது இருக்கும், போட்டுப் பாருங்க. அது பத்தலைன்னா ஒரு சின்ன சவுண்ட்பார், நடுவுல பேச்சுக்குன்னு தனி ஸ்பீக்கர் இருக்கறதா பாத்து. டீவி பின்னாடி ஏஆர்சி இல்ல ஈஏஆர்சின்னு எழுதியிருக்கற எச்டிஎம்ஐ துளையிலதான் மாட்டணும், வேற துளையில மாட்டுனா டீவி சத்தம் பாருக்குப் போகாது. தனி பெரிய சப்வூஃபர் வேணாம், எச்டிபி தரை வழியா அது கீழ் வீட்டுக்குத்தான் கேக்கும்.

கேள்வி: அண்ணா, எங்க பாட்டி முன்னாடி தானே டீவி போட்டுப் பாப்பாங்க. அப்பா ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி மாட்டுனதுல இருந்து ரெண்டு ரிமோட் ஆயிடுச்சு, பாட்டி இப்ப டீவியே போடறதில்ல, யாராவது வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்காங்க. அடிக்கடி அந்த ஸ்டிக் வேற தானா அணைஞ்சு அணைஞ்சு வருது.
– பொங்கோல் வாசகி, உயர்நிலை 2

பதில்: பாப்பா, இதை எழுதுனதுக்கு உனக்கு ரொம்ப நன்றி. வீட்ல மத்தவங்க கவனிக்காததை நீ கவனிச்சிருக்க.

அணைஞ்சு வர்றது சின்ன விஷயம். ஸ்டிக்குக்கு கரண்ட் எங்க இருந்து போகுதுன்னு பாரு, டீவியோட யூஎஸ்பி துளையில இருந்துன்னா அதான் காரணமா இருக்கும், நிறைய டீவி யூஎஸ்பியில அரை ஆம்பியர்தான் கிடைக்கும், ஸ்டிக் அதுக்கு மேல கேக்கும்போது பட்டுனு அணைஞ்சுடும். கூட வந்த அடாப்டரை அப்பாவைச் சுவர் பிளக்ல மாட்டச் சொல்லு.

ரிமோட்டுக்கு வா. டீவி செட்டிங்க்ஸ்ல எச்டிஎம்ஐ-சிஇசின்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒவ்வொரு பேர் வச்சிருக்கும், சாம்சங்ல எனிநெட், எல்ஜியில சிம்ப்லிங்க். டீவியிலயும் ஸ்டிக்லயும் அதை ஆன் பண்ணு. அப்புறம் ஸ்டிக் ரிமோட்ல பவர் அமுக்குனா டீவி தானா வந்து சரியான எச்டிஎம்ஐயில நிக்கும், சத்தமும் அதுலயே கூட்டலாம். பழைய ரிமோட்டை எடுத்து டிராயர்ல வச்சுடு, பாட்டி கண்ணுல ஒண்ணுதான் படணும்.

ஹோம் ஸ்கிரீன்ல பாட்டி பாக்கற ரெண்டு ஆப்பை முதல்ல கொண்டு வந்து வை, மத்ததை எடுத்துடு, படம் வாங்கறதுக்கு பின் நம்பர் போட்டுடு, அப்பதான் தப்பா அமுக்கி காசு போயிடுமோன்னு பயப்பட மாட்டாங்க. பயம்தான் அவங்களைத் தடுக்கறது, மறதி இல்ல. பவர், ஓகே, பின்னாடி போற பட்டன், இந்த மூணு மேலயும் கலர் ஸ்டிக்கர் ஒட்டு, சிவப்பு, பச்சை, மஞ்சள்.

அப்புறம் மூணு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாட்டி பக்கத்துல உக்காரு. ரிமோட் அவங்க கையிலதான் இருக்கணும், நீ தொடவே கூடாது, எவ்வளவு நேரம் ஆனாலும் வாயால மட்டும் சொல்லு. பாட்டி, சிவப்பு அமுக்குங்க, இப்ப பச்சை. நாலாவது நாள் நீ வர்றதுக்கு முன்னாடி டீவி சத்தம் வாசல்லயே கேட்டுச்சுன்னா எனக்கு ஒரு வரி எழுது.